17 அடிப் படகின் கன்சோல்: ஐந்து வழிகளில் எது நமக்கு?

எங்கள் படகு 17 அடி. ஃபைபர் உடம்பு, பின்னால் 60 குதிரைத்திறன் எஞ்சின். நானும் மச்சானும் மாமாவும் மூன்று பங்காகப் பணம் போட்டு வாங்கியது. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் ஒரு படகுத்துறையில் கரைமேல் அடுக்குத் தட்டில் கிடக்கும். கடலுக்குப் போகும் நாளில் ஃபோர்க்லிஃப்ட் தூக்கிவந்து தண்ணீரில் விடும். படகின் நடுவில் ஸ்டியரிங்கைத் தாங்கி நிற்கும் பெட்டிதான் கன்சோல். உள்ளே வெறும் கூடு: 60 செ.மீ. அகலம், 75 உயரம், 50 ஆழம். முன்பக்கம் 30க்கு 45 அளவில் ஒரு கதவு. பெருக்கிப் பார்த்தால் 225 லிட்டர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவு. ஆனால் பேட்டரி, ஒயர்கள், ஸ்டியரிங் கேபிள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவை போக மிஞ்சுவது பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அந்தப் பாதியில் எதை எப்படி வைப்பது என்று எங்கள் வீட்டில் இரண்டு வருடம் பேச்சு ஓடியது. மச்சானுக்கு, இழுத்துத் திறக்கிற தட்டுப் பெட்டி வேண்டும். மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கன்சோல் காலியாகவே இருக்க வேண்டும். எனக்குத் தெளிவாக ஒரு முடிவும் இல்லை. கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு போய்வந்தோம்.

பேச்சை நிறுத்திக் காரியத்தில் இறங்க வைத்தது ஒரு விடியற்காலை. உபின் தீவுக்குக் கிழக்கே நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். மணி ஐந்தரை இருக்கும். மேற்கே அடிவானம் மை பூசினாற்போல் கறுத்தது. இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா காற்று இப்படித்தான் வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்பு, இல்லாவிட்டால் காலையில். மேற்கிலிருந்து கிழக்காக, மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும். மச்சான் எஞ்சினைப் போட்டார். நான் நங்கூரக் கயிற்றை இழுத்தேன். பாறையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. "அறுத்துவிடுங்க, மாப்பிள்ளை" என்றார் மாமா. கத்தி கன்சோலுக்குள் இருந்தது. அதன்மேல் மழைக்கோட்டு, அதன்மேல் ஈயக்குண்டுப் பை, அதன்மேல் தூண்டில் பெட்டி. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுக் கத்தியை எடுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. எடுத்தால் உறையை விட்டு வரவில்லை. தோல் உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது பழுப்பு நிறத் தூள் உதிர்ந்து என் முழங்காலில் விழுந்தது. அதற்குள் மழை எங்கள்மேல் வந்துவிட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு நல்லபடியாகக் கரை சேர்ந்தோம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை மூன்று பேராலும் மறக்க முடியவில்லை.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோட்டோம். அவசரத்தில் கை நேராக அந்தப் பொருளுக்குப் போகுமா? மறுபடி எடுக்கும்போது அது வேலை செய்யுமா? இடம் போதுமா என்பதை மூன்றாவதாகத்தான் வைத்தோம்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் அதுதான் பெரிய கேள்வி. நம் வீட்டு உப்பு ஜாடியில் ஏன் அரிசி போட்டு வைக்கிறார்கள்? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே ஏறத்தாழ 82 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். அப்படியானால் கடல்நீர் பட்ட தூண்டில் முள் ஒன்றைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினால் என்ன ஆகும்? தண்ணீர் போனாலும் உப்பு அதன்மேல் இருக்கும். அந்த உப்பு ராத்திரி முழுக்க ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். நாம் காய்ந்துவிட்டது என்று நினைக்கும் முள் உண்மையில் காயவே இல்லை. குளிர்நாட்டுப் படகுக்காரர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கைகொடுக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். அவர்கள் தண்ணீர் உள்ளே வராதபடி அடைக்கச் சொல்கிறார்கள். நமக்கு உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழி வேண்டும்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, மச்சான் கேட்ட தட்டுப் பெட்டி. கன்சோலின் பக்கச் சுவரை வெட்டி, கதவோடு கூடிய ஒரு பிளாஸ்டிக் கூட்டை உள்ளே பொருத்துவார்கள். அதற்குள் நாலைந்து தூண்டில் பெட்டிகள் புத்தகம்போல் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் பிளானோ 3700 அளவுக்குச் செய்திருப்பார்கள். அதாவது கிட்டத்தட்ட 35க்கு 23 செ.மீ., கனம் 5 செ.மீ. பார்க்க அழகு. கதவைத் திறந்தால் எந்தப் பெட்டி எங்கே என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை என்பதை நான் மனதார ஒத்துக்கொள்கிறேன். மச்சான் இதைக் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல், சுவரை வெட்டுவதில் தொடங்குகிறது. வெட்டுவதற்கு முன் பின்னால் என்ன ஓடுகிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளையும் வளைவாக வெட்ட வேண்டும். கூர் மூலையாக விட்டால் படகு அதிர அதிர அங்கிருந்துதான் விரிசல் ஓடும். ஃபைபருக்கு நடுவில் மரமோ நுரையோ வைத்துக் கட்டியிருந்தால் வெட்டிய விளிம்பு முழுக்க எபாக்சி எனும் பிசின் பூச வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி தண்ணீரைக் குடித்துவிடும். இத்தனையும் செய்தாலும் இரண்டாவது கேள்வி நிற்கிறது. கூடு உள்ளேயே நிலையாக இருக்கிறது, வெளியே எடுத்துக் கழுவ முடியாது. கதவின் ரப்பர் விளிம்பு மழையைத் தடுக்கும். கூடவே உள்ளே இருக்கும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். படகைச் சொந்தமாக வைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறவர், பெட்டிகளை அடிக்கடி திறந்து மூடுகிறவர் என்றால் இதைத் தாராளமாகப் போடலாம். மாதம் இரண்டு தடவை போகும் மூன்று பங்காளிகளுக்கு இது சரிப்படாது.

இரண்டாவது வழி, நாமே தட்டு அடிப்பது. படகுக்கு உகந்தது என்று எல்லாரும் சொல்வது எச்டிபிஇ எனும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. அழுகாது, சாயம் வேண்டாம், மரம் அறுக்கும் ரம்பத்தாலேயே அறுக்கலாம். ஆனால் எந்தப் பசையும் அதில் சரியாக ஒட்டாது. எல்லாவற்றையும் திருகாணியால்தான் பிடிக்க வேண்டும். எடையும் உண்டு. 12 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் பதினொன்றரை கிலோ வரும். எங்கள் கன்சோலுக்கு 60க்கு 45 அளவில் இரண்டு தட்டு என்றால் 6 கிலோ. சின்னப் படகில் 6 கிலோ பெரிதில்லை என்று தோன்றும். அந்தத் தட்டில் ஏற்றும் ஈயத்தையும் சேர்த்து, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்தட்டில் ஐந்து கிலோ ஈயம் இருந்தால் பக்க அலையில் படகு ஆடுவதில் அது தெரியும். கனமானது எப்போதும் கீழே, படகின் நடுக்கோட்டில்.

மரப்பலகை போட்டால் என்ன என்று கேட்டார் தெரிந்த ஒருவர். போடலாம், கடல் பிளைவுட் என்றால், எல்லா விளிம்பையும் எபாக்சியில் தோய்த்தெடுத்தால். திருகாணி 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சமையல் பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகம் கடல்நீரில் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால்தான் அது தாங்குகிறது.

மூன்றாவது, வலைப்பையும் ரப்பர் கயிறும். கதவின் உள்பக்கத்தில் ஒரு வலைப்பை, பக்கச் சுவரில் இரண்டு ரப்பர் கயிறு. மலிவு. ஒரு மணி நேர வேலை. கையுறை, டார்ச், சுற்றிவைத்த சின்னக் கயிறு, மழைக்கோட்டு மாதிரி லேசான பொருளுக்கு இதற்கு மிஞ்சினது இல்லை, காற்றும் போய்வரும். ஆனால் கனமான எதையும் இதில் தொங்கவிடக் கூடாது. அலையில் ஆடி ஆடிக் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு வரும். நம் வெயிலில் ரப்பர் கயிறு தளர்ந்துபோகும்; கன்சோலுக்குள் நிழலில் இருந்தால் கொஞ்சம் கூட நாள் தாங்கும்.

நான்காவது, மாமாவின் வழி: ஒன்றும் வைக்காதே, எல்லாவற்றையும் ஒரு பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்கே கொண்டுபோ. இரண்டு பேர் மூன்று மணி நேரம் போய்வருவதற்கு இது போதும். ராத்திரித் தங்கல் என்றால் பை பெரிதாகும். பெரிய பைக்குள் எதுவும் கைக்கு அகப்படாது. அன்றைக்குக் கன்சோலுக்குள் கத்தியைத் தேடியதும் அப்படிப்பட்ட ஒரு குவியலில்தான். ஆனாலும் மாமா சொன்னதில் ஒரு விஷயம் எங்கள் முடிவையே மாற்றியது. அவர் சொன்னார்: "கப்பல்ல சாமான் அறை இருக்கும், அதுக்கு ஆளும் இருப்பான். நம்ம படகுக்கு ஆள் யாரு? பதினாலு நாள் பூட்டிக் கிடக்குதே." பூட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கருத்து. எனக்கும் அது சரியென்று பட்டது.

அங்கிருந்து பிறந்ததுதான் ஐந்தாவது வழி. தேக்கா சந்தையில் காய்கறி அடுக்கி வைக்கும் ஓட்டைக் கூடை இருக்கிறதே, அந்த வகை பிளாஸ்டிக் கூடை இரண்டு. கன்சோல் தரையில் அந்தக் கூடைகள் நகராமல் உட்கார எச்டிபிஇ பலகையில் விளிம்புச் சட்டம் ஒன்று, 5 செ.மீ. உயரம். கூடையைச் சட்டத்தோடு இறுக்க ஒரு பட்டை. அவ்வளவுதான். கூடை கன்சோலின் கதவு வழியாக வெளியே வர வேண்டும். ஆகவே கதவு அளவை முதலில் அளந்து, 28 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாத கூடையாகத் தேடி எடுத்தோம். 3700 பெட்டிகளை அதற்குள் செங்குத்தாக நிறுத்தினால் மச்சான் ஆசைப்பட்ட புத்தக வரிசையும் கிடைத்துவிட்டது.

இந்த வழியின் பலம் கரையில்தான் தெரியும். திரும்பி வந்ததும் கூடையை அப்படியே தூக்கித் துறைக் குழாய்க்கு அடியில் வைத்து நல்ல தண்ணீரை ஓடவிடுகிறோம். முள், ஈயம், இடுக்கி எல்லாவற்றின் உப்பும் ஓட்டை வழியாக வடிந்து போகிறது. உப்பு போன பிறகுதான் காயவைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டிகளின் மூடியைத் திறந்து கூடையோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் பாம் ஷெல்ட்டர் எனும் கெட்டிச் சுவர்ப் பாதுகாப்பு அறை இருக்கிறது; 1998க்குப் பிறகு கட்டிய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு சின்ன மின்விசிறியை ஒரு ராத்திரி ஓடவிட்டு மறுநாள் மூடி போடுகிறேன். மூடும்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிலிக்கா பொட்டலம். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அடுப்பில் சூடேற்றித் திரும்பவும் போடலாம். இதையே ஈரப்பெட்டிக்குள் போட்டால் ஒரே நாளில் நிரம்பிவிடும். கழுவிக் காயவைத்த பெட்டிக்கு மட்டும்தான் அது உதவும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கூடையைத் தூக்க வேண்டும். ஒன்றின் எடை ஏழெட்டு கிலோ. துறையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை வெயிலில் தூக்கிப் போவது லேசில்லை. மாமாவை நாங்கள் தூக்க விடுவதில்லை. இரண்டாவது குறை, மறதி. எல்லாம் வீட்டில் இருப்பதால் ஒரு கூடையை வீட்டிலேயே விட்டுப் போக வாய்ப்பு இருக்கிறது. ஒருமுறை கணவாய்க்கு என்று கிளம்பி, கணவாய்த் தூண்டில் இருந்த பெட்டி இல்லாமல் போய் நின்றோம். அதற்காகத்தான் கூடைகளை மீனுக்கு ஏற்பப் பிரித்தோம். முதல் கூடையில் அடித்தள மீன்பிடிக்கு வேண்டியது மட்டும்: முள், ஈயக்குண்டு, இங்கே எல்லாரும் அப்போலோ என்று சொல்லும் சரமுள், கலவாய்க்கும் கொடுவாய்க்கும் வேண்டிய தடித்த நரம்பு. இரண்டாவது கூடையில் உலோக மீன், பொய் இரை, கணவாய்த் தூண்டில். பெரும்பாலான நாட்களில் ஒரே கூடை போதும். அப்போது கன்சோலில் பாதி இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள். மழை வரும்போது கைப்பேசி, சட்டை, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளுவீர்கள்.

பொய் இரை பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மாதிரி மெத்தென்ற இரைகளை அது வந்த பொட்டலத்திலேயே வையுங்கள். அதில் இருக்கும் மென்மையாக்கி, கடினப் பிளாஸ்டிக்கில் செய்த இரையையும் சில பெட்டிகளின் தட்டையுமே கரைத்து ஒட்டவைத்துவிடும். வெயிலில் நிற்கும் கன்சோலுக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது மூன்று இரை ஒன்றாகி, பெட்டியின் அடியும் பிசுபிசுவென்று இளகியிருந்தது.

எந்த வழியை எடுத்தாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. இவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேட்டரி. அதன் இரண்டு முனைகளுக்கு மேல் ஒரு இடுக்கி குறுக்காக விழுந்தால் போதும். மின்சாரம் நேராகப் பாய்ந்து இடுக்கி பழுக்கக் காய்ந்துவிடும். கன்சோலில் பேட்டரியும் உலோகச் சாமானும் ஒரே கூட்டில் இருப்பதை நாங்கள் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. பேட்டரியைப் பெட்டியில் வைத்து மூடி, பட்டை போட்டு இறுக்கி, முனைகளுக்கு ரப்பர் உறை மாட்டுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். ஆகவே சார்ஜ் போடும்போது கன்சோல் கதவு திறந்திருக்க வேண்டும். பெட்ரோல் கேன் ஒருநாளும் கன்சோலுக்குள் கூடாது, காலியாக இருந்தாலும் கூடாது. காலிக் கேனில் ஆவி இருக்கும்.

திசைகாட்டி. சமையலறையில் கத்தி ஒட்டிவைக்கும் காந்தப் பட்டை ஒன்றை வாங்கிக் கன்சோலின் உள்பக்கம் மேலே ஒட்டினேன். இடுக்கி, கத்தரி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் அழகாக நின்றன. ரெண்டு வாரம் கழித்து மச்சான்தான் கவனித்தார். ஜிபிஎஸ் ஒரு திசை சொல்கிறது, கன்சோல் மேலிருக்கும் திசைகாட்டி வேறு சொல்கிறது. காந்தப் பட்டை அதற்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கழற்றியதும் முள் பழைய இடத்துக்குத் திரும்பியது. பகலில் கரை தெரியும் தூரத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. மழையில் கரை மறைந்து ஜிபிஎஸ்ஸும் நின்றுபோனால் நமக்கு வேறு துணை இல்லை. காந்தம், ஒலிபெருக்கி, இரும்புக் கருவி எதுவானாலும் திசைகாட்டியிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும்.

தீயணைப்பான். இதைக் கன்சோலுக்குள் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். படகில் ஒயர்கள் கூடும் இடம் கன்சோல். தீப்பிடித்தால் அங்கேதான் பிடிக்க வாய்ப்பு அதிகம். எரியும் பெட்டிக்குள் கையை விட்டா தீயணைப்பானை எடுக்க முடியும்? வெளியே, பின்பக்கம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். மிதவைச் சட்டையும் அப்படித்தான்: மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த மூடியும் திறக்காமல் கைக்கு வர வேண்டும். முதலுதவிப் பெட்டியை மட்டும் கன்சோல் கதவின் வலைப்பையில் வைத்திருக்கிறோம். செம்பிலாங் எனும் கடல் கெளுத்தியின் முள் குத்தினால் வலி உயிர் போகும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை வைப்பதுதான் முதல் உதவி. ஆகவே சுடுதண்ணீர்க் குடுவை ஒன்றும் எங்களோடு வரும். காப்பி கலக்குவதற்கும் அதுதான்.

அந்தக் கத்தியும் இப்போது கன்சோலுக்குள் இல்லை. தோல் உறையைத் தூக்கிப் போட்டேன். தோல் உப்புத்தண்ணீரைக் குடித்துக் கத்தியோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறையில், கன்சோலின் வெளிப்பக்கம், ஓட்டுபவரின் வலது முழங்கால் உயரத்தில் திருகி வைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் பிடி அகப்படும். மூன்று பேரும் இருட்டில் எடுத்துப் பழகிப் பார்த்தோம். மாமாதான் அதைச் செய்ய வைத்தார்.

இப்போது நீங்கள் எதை எடுப்பது? படகு உங்கள் ஒருவருடையது, தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது, வாரம் தவறாமல் போகிறீர்கள் என்றால் மச்சானின் தட்டுப் பெட்டியை நான் தயங்காமல் சொல்வேன். கன்சோல் பெரியது, 20 அடிக்கு மேல் படகு என்றால் எச்டிபிஇ தட்டு, ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம். எங்களைப் போலப் பங்குப் படகு, கரைமேல் தட்டில் கிடப்பது, மாதம் ஒன்றிரண்டு தடவை என்றால் கூடைதான். ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஒருபக்கம் சாயும் என்பதும் ஒரு காரணம். ஒன்றும் இல்லாவிட்டால் சாய்வதற்கும் ஒன்றும் இல்லை. வலைப்பையை யாராக இருந்தாலும் போடலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். வாங்க நினைக்கும் பெட்டியின் அளவுக்கு அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, கன்சோலுக்குள் வைத்து ஒரு தடவை கடலுக்குப் போய்வாருங்கள். தட்டுப் பெட்டி வாங்கப் பணத்தை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போகக் கிளம்பிய மச்சானை நான் இப்படித்தான் நிறுத்தினேன். மிலோ வந்த அட்டைப் பெட்டியை அறுத்து அளவுக்குக் கூடு செய்து உள்ளே வைத்தோம். துறையை விட்டு வெளியே வந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். முக்கால் திருப்பத்திலேயே இறுகிப் போயிற்று. கதவைத் திறந்து பார்த்தால், ஸ்டியரிங் கேபிள் பின்னால் வளைந்து இறங்கும் இடத்தில் அட்டையின் மூலை அதை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளுக்கு அகலமான வளைவு வேண்டும், நெருக்கினால் இறுகும். அட்டையாக இருந்ததால் கையாலேயே மடக்கிவிட்டோம். மச்சான் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கூடையே போடுவோம், மச்சான்" என்றார். திரும்பும் வழியில் ஒரு பென்சிலை எடுத்துக் கேபிள் ஓடும் வளைவைக் கன்சோலின் உள்சுவரில் கோடாக வரைந்து வைத்தோம். அந்தக் கோட்டைத் தாண்டி இன்றுவரை எதையும் வைத்ததில்லை.